ஆணிவாய் அக்காவும் விசிலும்

அக்காவிடம் ஒரு கேள்வி கேட்டால், வாயிலிருக்கும் ஆணி தீர்ந்த பிறகுதான் பதில் வரும். சோபா ரிப்பேர் செய்கிறவர் அவர். வேலையில் நிற்கும்போது ஒரு பிடி குட்டை ஆணியை அள்ளிக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொள்வார். நாக்கு நுனியால் ஒன்றைப் புரட்டி, தலைப்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி உதட்டுக்குக் கொண்டுவருவார். காந்தம் வைத்த சுத்தியல் வந்து அதை ஒட்டிக்கொண்டு போகும். துணியின் ஓரத்தில் ஒரு தட்டு தட்டினால் ஆணி நிற்கும். சுத்தியலைத் திருப்பி இன்னொரு தட்டு தட்டினால் இறங்கிவிடும். அதற்குள் இடது கை அடுத்த மடிப்பை இழுத்துப் பிடித்திருக்கும். கடையில் ஸ்டேப்ளர் பின் அடிக்கும் மெஷினும் இருக்கிறது. அவசரத்துக்கு அதை எடுப்பார், எடுத்ததற்காக முகத்தைச் சுளித்துக்கொண்டே திரும்ப வைத்துவிடுவார். தெருவில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பது சுத்தியலைத்தான்.

"முழுங்கிட மாட்டீங்களா?" என்று கேட்காத ஆளில்லை. "இத்தன வருஷத்துல ஒரு ஆணிகூட முழுங்கினதில்ல. கோபத்தத்தான் முழுங்கியிருக்கேன்" என்பார், வாய் காலியாக இருந்தால். அவருடைய பெயரைச் சொல்லி வழி கேட்டால் தெருவில் முழிப்பார்கள். ஆணிவாய் அக்கா கடை என்று கேட்டால் சின்னக் குழந்தைகூடக் கைகாட்டும்.

கணவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "உள்ள போங்க, உள்ள போங்க" என்று கத்தியே பாதி ஆயுளை ஓட்டிய மனிதர். வீட்டுக்கு வந்தால் எதிரில் ஆணி நிறைந்த வாய். கடையும் வீடும் ஒரே கட்டடம். முன்னறையில் வேலை, பின்னால் சமையலறையும் படுக்கையறையும். அதனால் அக்காவின் வாய் காலியாக இருப்பது சாப்பாட்டு நேரத்தில்தான், அப்போதும் அதில் சோறு இருக்கும். ஆகவே அந்தக் குடும்பம் மூன்றே மூன்று முனகல்களில் நடந்தது. மேலே ஏறி முடியும் குட்டையான "ம்ம்" என்றால் சரி. கீழே இறங்கும் நீளமான "ம்ஹூம்" என்றால் கிடையாது. அடுத்தடுத்து இரண்டு முறை வந்தால், கொஞ்சம் பொறுங்க. மகனை எந்தக் காலேஜில் சேர்ப்பது என்பதுகூட இந்த மூன்றுக்குள் தீர்மானமான விஷயம்தான்.

மகன் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டான். ஓய்வு பெற்ற கண்டக்டர், கடையில் ஒத்தாசை செய்கிறேன் என்று இறங்கினார். அவர் வெட்டிய ஃபோம் ஒரு பக்கம் மேடு, மறு பக்கம் பள்ளம். அவர் பூசிய பசை ரெக்சினைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஒட்டியது. அக்கா ஒரு வார்த்தை திட்டவில்லை. வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு, "வர்றவங்ககிட்ட நீங்க பேசுங்க, அதுல உங்கள அடிச்சுக்க ஆள் கிடையாது" என்று உட்கார வைத்துவிட்டார். கண்டக்டர் பேசினார். வந்தவர்கள் போன பிறகு பேச ஆளில்லை. பஸ் நிறைந்த கூட்டத்தோடு வாழ்ந்தவருக்கு மத்தியானக் கடை வெறிச்சென்று இருந்தது. முதுகுக்குப் பின்னால் டக் டக் என்று சுத்தியல் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். தனியாக இருக்கிறது என்று சொல்ல அவருக்கு வெட்கம். அதனால் நாய் வளர்க்கலாமா என்று கேட்டார்.

"ம்ஹூம்" என்று பதில் வந்தது.

அவரோடு அதே பஸ்ஸை ஓட்டிய டிரைவர் இப்போது சொந்தமாக ஒரு சின்ன லோடு வண்டி வைத்திருக்கிறார். கடைக்கு வரும் சோபாக்களை ஏற்றி இறக்குவது அவர்தான். அந்த வண்டியின் முன் சீட்டில் ஒருநாள் நாய் வந்து சேர்ந்தது. டிரைவரின் சொந்தக்காரர் ஒருவர் ஆசைப்பட்டு வாங்கி, சமாளிக்க முடியாமல் இன்னொரு வீட்டுக்குக் கொடுத்து, அந்த வீட்டுக்காரரும் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்த நாய். ஜாக் ரஸ்ஸல் டெரியர் என்றார்கள். உடம்பு வெள்ளை, ஒரு கண்ணையும் காதையும் சேர்த்து மூடுகிற மாதிரி பழுப்புத் திட்டு. சோபாவில் முதுகுக்கு வைக்கும் குட்டித் தலையணை அளவுதான் இருந்தது.

"கொஞ்சம் சுறுசுறுப்பு ஜாஸ்தி, அவ்வளவுதான்" என்றார் டிரைவர். நடுவழியில் இன்ஜின் புகைந்தபோதும் பயணிகளிடம் "சின்ன கோளாறு" என்று சொன்னவர் அவர்.

"இங்கயும் சரிப்பட்டு வரலன்னா?" என்று கேட்டார் கண்டக்டர்.

"அப்புறம் காப்பகம்தான். கூண்டுல போட்டு அடைச்சிருவாங்க. இது கூண்டுல கெடக்கிற ஜென்மமா, நீங்களே பாருங்க."

அந்த ஜென்மம் அதற்குள் ஜன்னல் வழியாக வெளியே வந்து வண்டியின் கூரைமேல் நின்று தெருவை அதட்டிக்கொண்டிருந்தது.

அக்கா ஆணிகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் துப்பினார். வேலை முடியாமல் துப்புகிறார் என்றால் விஷயம் பெரிது. "இருக்கட்டும்" என்றார். "ஆனா ஒண்ணு. கஸ்டமர் சாமான்ல இவன் வாய் பட்டுச்சு, அன்னைக்கே இதே வண்டில ஏத்திரணும். அப்புறம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காரக் கூடாது."

கண்டக்டர் தலையை ஆட்டோ ஆட்டென்று ஆட்டினார். நாயின் கீச்சுக் குரலைக் கேட்டுவிட்டு, விசில் என்று அவரே பெயரும் வைத்தார்.

சின்ன நாய்க்குச் சின்னத் தொந்தரவுதான் இருக்கும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். மடியில் போட்டுத் தடவிக்கொடுத்துக்கொண்டே டிவி பார்க்கலாம் என்று ஒரு கனவு. விசிலுக்கு மடி என்பது குதிப்பதற்கு வசதியான ஒரு இடம், அதற்குமேல் ஒன்றுமில்லை. நாற்காலியிலிருந்து மேசைக்கு, மேசையிலிருந்து ஃபோம் அடுக்கின் உச்சிக்கு என்று அதன் கால் தரையில் பட்ட நேரம் குறைவு. ஃபோம் அடுக்கைத் தோண்டி இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்தது. கொல்லைப்புறத்தில் பள்ளம் தோண்டி, அதில் தலையை விட்டு, பின்னங்கால்களால் மண்ணைச் சமையலறைக்குள் அனுப்பியது. கண்டக்டர் காலையிலும் மாலையிலும் நடக்கக் கூட்டிக்கொண்டு போனார். அவர் நாக்குத் தள்ளித் திரும்பி வருவார், அது வாசலிலேயே நின்று, அடுத்த நடைக்குப் போகலாமா என்று முகத்தைப் பார்க்கும்.

"என்ன டாக்டர், இதுக்கு ஏதாவது மருந்து இருக்கா?" என்று நாய் டாக்டரிடம் போய் நின்றார்.

"நோய் இருந்தாத்தானே மருந்து? இது பொந்துக்குள்ள பூந்து நரியையும் எலியையும் வெரட்டறதுக்குன்னே வளர்த்த நாய். இதுக்கு வேலை வேணும். நீங்க குடுக்கலன்னா அதுவே ஒண்ணத் தேடிக்கும். அது உங்களுக்குப் பிடிக்காது."

இதைக் கேட்டு வந்து கண்டக்டர் வாசல் நாற்காலியில் உட்கார்ந்து புலம்பினார். அக்கா ஒரு பழைய நாற்காலியின் சீட்டுத் துணியைக் குறடால் நெம்பிக்கொண்டிருந்தார். பதில் சொல்லவில்லை. ஆனால் காதில் வாங்கிக்கொண்டார் என்பது பிறகுதான் தெரிந்தது.

புதுத் துணி போடுவதற்கு முன்னால் பழைய துணியைப் பிரிக்க வேண்டும். நாட்பட்ட ஆணிகளையெல்லாம் பிடுங்கிவிட்டு, பசையோடு ஒட்டிப்போன துணியை இழுத்துக் கிழிப்பதுதான் அந்தத் தொழிலிலேயே தோள்பட்டையை வாங்குகிற வேலை. அக்கா துணியின் ஒரு மூலையைப் பிரித்து, கயிறு மாதிரி முறுக்கி, விசிலின் முன்னால் தொங்கவிட்டார். அது பாய்ந்தது. "ம்ஹூம்" என்றார். நிற்காமல் பாய்ந்தது. துணியை எடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். மறுபடி தொங்கவிட்டார். மறுபடி பாய்ந்தது, மறுபடி எடுத்துவிட்டார். அந்தப் பொறுமையைப் பார்த்த கண்டக்டருக்கு, இதில் பாதியைத் தன் ஃபோம் வெட்டுக்குக் காட்டியிருக்கலாமே என்று தோன்றியது. கடைசியில் விசில் உடம்பெல்லாம் நடுங்க, பல்லை இறுக்கிக்கொண்டு, உட்கார்ந்தது. அப்போது வந்தது அந்தக் குட்டையான "ம்ம்".

அப்புறம் பார்க்க வேண்டுமே! நான்கு காலையும் தரையில் ஊன்றி, உறுமிக்கொண்டே பின்னால் இழுத்து, நாற்காலித் துணியை மொத்தமாகப் பிய்த்து எடுத்து, உதறி உதறிக் கொன்று, அக்காவின் காலடியில் கொண்டுவந்து போட்டது. தூசியில் இரண்டு பேரும் தும்மினார்கள்.

அன்றிலிருந்து விசில் அந்தக் கடையின் ஆள். பிரிக்கிற வேலை வந்தால் அதுவே வந்து உட்காரும். தூக்கிப் போடப்போகிற பழைய துணி கஸ்டமர் சாமானில் சேராது என்பது அக்காவின் கணக்கு. அக்கா வாயில் ஆணியோடு முனகினால் புரிந்துகொள்ளும். கண்டக்டர் தொண்டை கிழியக் கத்தினால் காதைக்கூடத் திருப்பாது. சொந்த வீட்டிலேயே தன் குரலுக்கு இந்த மதிப்புதானா என்று அவர் டிரைவரிடம் அலுத்துக்கொண்டார். அலுப்பு வெறும் வேஷம். விசில் வந்த பிறகு அவர் வாசலில் சும்மா உட்கார்ந்ததே கிடையாது. நடக்கப் போன இடமெல்லாம் நாயைப் பார்த்து நான்கு பேர் நிற்பார்கள், நின்றவர்களிடம் பேசாமல் அவர் நகர மாட்டார். புதுத் துணி போட்ட சாமானை விசில் முகர்ந்துகூடப் பார்க்காது. அக்காவின் நிபந்தனையைக் கண்டக்டரே கிட்டத்தட்ட மறந்துவிட்டார்.

அந்த நிலைமையில்தான் பல் டாக்டரம்மாவின் சோபா வந்தது. கிளினிக்கில் நோயாளிகள் காத்திருக்கும் அறையில் கிடந்த மூன்று பேர் சோபா. கைகள் இரண்டும் பெட்டி மாதிரி அகலம், உள்ளே வெற்றிடம். இறக்கி வைத்த நிமிஷத்திலிருந்து விசில் அதன் இடது கையை விட்டு நகரவில்லை. பிரித்துப் பார்த்தால் சீட்டுக்கு அடியில் எலிக்கூடு, பழைய பத்திரிகைக் கிழிசலும் பஞ்சுமாக. அக்கா கூட்டை வாரி எடுத்துச் சுத்தம் செய்தார். எலி எதுவும் அகப்படவில்லை. ஓடிப்போயிருக்கும் என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள், விசிலைத் தவிர. தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஒரு முன்னங்காலை மடக்கிக்கொண்டு, அந்த இடது கையைப் பார்த்தபடியே நிற்கும். இந்த நாய்க்கு ஒரு குணம் உண்டு. இரையைக் கண்ணால் பார்த்துவிட்டால் ஊரைக் கூட்டும். பார்க்கிறவரை மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்காது.

மெல்லிய பச்சையில் புது ரெக்சின் ஏறியதும், விசிலைக் கொல்லைப்பக்கம் கட்டிவைக்கச் சொல்லிவிட்டார் அக்கா. அது கட்டிப்போட்ட இடத்தில் நின்று அழுதது. கண்டக்டருக்கு அந்த அழுகை பொறுக்கவில்லை. டெலிவரிக்குச் சொல்லியிருந்த சனிக்கிழமை காலை, கயிற்றைக் கழற்றிவிட்டு, "சத்தம் போடாம இருடா ராஜா" என்று காதைத் தடவிக்கொடுத்தார்.

முன்னறையில் சோபாவைப் பின்பக்கமாகச் சாய்த்து, அடிப்பக்கம் திறந்தபடி போட்டிருந்தார்கள். அடித்துணியை மூடுவதுதான் கடைசி வேலை. அக்கா கைகழுவப் போகிற வழியில், "அவனக் கட்டிட்டீங்கல்ல?" என்று கேட்டார்.

"கட்டிட்டேன்" என்றார் கண்டக்டர். இதோ போய்க் கட்டிவிடலாம் என்றுதான் சொன்னார். அதற்குள் வாசலில் டிரைவர் ஹாரன் அடித்தார், கேட்டைத் திறக்க ஓடினார், டீ சொன்னார், மறந்துபோனார்.

அக்கா வந்தார், ஆணியை வாயில் போட்டார், கறுப்பு அடித்துணியை இழுத்துப் பிடித்து டக் டக்கென்று மூடினார். ஆண்கள் இரண்டு பேரும் சோபாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் கிளினிக்கில் இறக்கினார்கள். டாக்டர் ஆசையோடு தடவிப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை அரைநாள் என்பதால் ஷட்டரை இழுத்துப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்.

சாப்பாட்டு நேரத்துக்கு விசில் வரவில்லை.

கண்டக்டர் தெருத்தெருவாக அலைந்தார். பஸ்ஸில் அடிக்கிற பழைய விசிலை எடுத்து ஊதினார். பூங்கா, பள்ளிக்கூடச் சுவர், காய்கறிக் கடை என்று விசாரித்தார். வண்டி ஏற்றும்போது கேட் திறந்து கிடந்ததால் ஓடியிருக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். ஒவ்வொருவர் சொல்லும்போதும் கண்டக்டருக்கு அந்தக் கயிறு நினைவுக்கு வந்தது. கட்டியிருந்தால் ஓடியிருக்குமா? வியர்வையில் நனைந்து திரும்பி வந்து, சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொண்டு நின்றார்.

"கூப்பிட்டப்ப எங்கேருந்தாவது ஒரு குரைப்பு?" என்று கேட்டார் அக்கா.

"இல்ல."

"அவன் ஓடல. ஓடினா ஊருக்கே தெரியும். சத்தமில்லாம இருக்கான்னா எங்கயோ வேலையா இருக்கான்."

சொல்லிக்கொண்டே அக்கா முன்னறையைச் சுற்றிப் பார்த்தார். பார்வை சோபா கிடந்த இடத்தில் போய் நின்றது. கண்டக்டர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் முகம் வெளுத்துப்போயிற்று.

"ஐயோ, நான் அவன சோபாவுக்குள்ள வச்சு ஆணி அடிச்சிட்டேன்."

டாக்டருக்குப் போன் அடித்தால் மணி அடிக்கிறது, எடுக்க ஆளில்லை. டிரைவர் வண்டியை எடுத்தார். கிளினிக்கின் ஷட்டர் மத்தியான வெயிலில் தொட முடியாத சூடு. அறைக்கு ஜன்னல் கிடையாது. ரெக்சின் காற்றுப் புகாத பொருள், அடித்துணி வழியாக எவ்வளவு போகும் என்று அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். அவர் அதைச் சொல்லவில்லை. கண்டக்டர் ஷட்டரில் ஓங்கித் தட்டி, "விசிலு! டேய் விசிலு!" என்று கத்தினார். பஸ்ஸின் கடைசி சீட்டுக்குக் கேட்கிற குரல். உள்ளே ஒன்றுமில்லை.

அக்கா படியில் மண்டியிட்டு, ஷட்டருக்கும் தரைக்கும் நடுவிலிருந்த இடுக்கில் வாயை வைத்தார். "விசிலு, கண்ணு, செல்லம்" என்றார். அவர் வாயிலிருந்து இப்படிப்பட்ட வார்த்தைகள் வந்து கண்டக்டர் கேட்டதே இல்லை. நாயும் கேட்டதில்லை, அதனால் அதற்கும் யாரோ என்று இருந்திருக்கும். பிறகுதான் அவர் வாயை மூடிக்கொண்டு முனகினார். குட்டையாக, மேலே ஏறி.

"ம்ம்."

ரொம்ப ஆழத்திலிருந்து, கம்பளிக்குள் வைத்து அமுக்கிய மாதிரி, ஒரு குரைப்பு வந்தது.

டிரைவர் டாக்டரின் வீட்டைத் தேடி வண்டியை விரட்டினார். அக்கா படியை விட்டு எழவே இல்லை. முழங்காலுக்குக் கீழே சிமெண்ட் கொதித்தது, கண்டக்டர் தன் துண்டை மடித்து நீட்டினார், வாங்கவில்லை. இடுக்கில் வாயை வைத்தபடி முனகிக்கொண்டே இருந்தார். போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஷட்டரோடு பேசுகிற பெண்பிள்ளையைப் பார்த்து ஒருவர் சிரித்தார். கண்டக்டர் முறைத்த முறைப்பில் அவர் சிரிப்பை மடித்து வைத்துக்கொண்டு போனார். கொஞ்ச நேரம் முனகலுக்கு ஒரு குரைப்பு வந்தது. பிறகு உள்ளே ஏதோ உருண்டு புரளும் சத்தம். அதற்கப்புறம் ஒன்றும் இல்லை.

அக்கா நிறுத்தவில்லை. கண்ணீர் மூக்கு நுனி வழியாகச் சொட்டியது, துடைக்கக் கையை எடுத்தால்கூட முனகல் நின்றுவிடும் என்று பயந்தவர் மாதிரி இருந்தார். கண்டக்டருக்கு அப்போதே உண்மையைச் சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. சொல்ல வரவில்லை. இந்தப் பெண்ணோடு இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியும், இவளுக்குள் இவ்வளவு இருக்கிறது என்று தெரியாமலே இருந்துவிட்டேனே என்று மட்டும் நினைத்தார்.

டாக்டர் தலைமுடி ஈரம் சொட்டச் சொட்ட வந்து சேர்ந்தார். மகளோடு நீச்சல் குளத்தில் இருந்திருக்கிறார், போன் பையில். "சோபாவுக்குள்ள நாயா? உயிரோடவா?" என்று கேட்டுக்கொண்டே ஷட்டரைத் தூக்கினார்.

சோபா அடக்கமாக உட்கார்ந்திருந்தது. ஒரு சுருக்கம் இல்லை, ஒரு மடிப்புக் கோணல் இல்லை. அக்கா கைவேலை. டிரைவர் அதைப் புரட்டிப் போட்டு அடித்துணியைப் பிரிக்கலாம் என்று ஓரத்தைப் பிடித்தார்.

"தூக்காதீங்க. உள்ள எப்படி மாட்டியிருக்கானோ, நசுங்கிடுவான்" என்றார் அக்கா. இடுப்பிலிருந்து துணி வெட்டும் கத்தியை எடுத்து, சோபாவின் இடது கையின் முன்பக்கத்தில் வைத்து, மேலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பாகக் கிழித்தார். ஒரு ஆணி அரை விரல் தள்ளிப் போனால் மொத்த வரிசையையும் பிடுங்குகிற மனுஷி, அன்று காலை முடித்த வேலையைக் கண் சிமிட்டாமல் கிழித்தார். ஃபோமை இரண்டு கையாலும் பிய்த்தார், சணல் பட்டையை அறுத்தார்.

முதலில் பழுப்புக் காது வந்தது. அப்புறம் முழுத் தலை. எச்சிலும் பஞ்சும் அப்பிய அந்த முகத்தில், வாயில் குறுக்காக ஒரு எலி.

குரைப்பு நின்றுபோன காரணம் அதுதான். வாய் நிறைய இருக்கும்போது எப்படிக் குரைக்கும்? விசில் தள்ளாடி இறங்கி, நேராக அக்காவிடம் நடந்து, எலியைக் காலடியில் வைத்துவிட்டு, அங்கேயே பொத்தென்று படுத்துக்கொண்டு மூச்சிரைத்தது.

டாக்டர் அலறிக்கொண்டு சோபாவின் கிழியாத பாதிமேல் ஏறி நின்றார். "என் கிளினிக்குல எலியா?"

"இனிமே இல்லம்மா" என்றார் அக்கா.

தண்ணீர் வந்தது. விசில் குடித்தது, கொஞ்சம் கக்கியது, மறுபடி குடித்தது. பிறகு எழுந்து, வேறு எலி இருக்கிறதா என்று சோபாவின் வலது கையைப் போய் முகர்ந்தது. அதைப் பார்த்து டிரைவர் சிரிக்க ஆரம்பித்தார், டாக்டரும் சோபாமேல் நின்றபடியே சிரித்தார். திங்கட்கிழமை நோயாளிகள் வருவதற்குள் தைத்துக் கொடுத்துவிடுகிறேன் என்று அக்கா வாக்குக் கொடுத்தார்.

கண்டக்டர் மட்டும் சிரிக்கவில்லை. கிழிந்த கைக்குள் அவர் எட்டிப் பார்த்துவிட்டார். எலியைத் துரத்தி விசில் உள்ளே இருந்த ஃபோமையெல்லாம் கடித்துக் குதறியிருந்தது. கஸ்டமர் சாமான். வாய் பட்டுவிட்டது.

சாயங்காலம் அவர் ஒரு பையை எடுத்து, விசிலின் கிண்ணம், பந்து, துண்டு எல்லாவற்றையும் உள்ளே வைத்தார். கயிற்றைச் சுருட்டி மேலே வைத்தார். பையை முன்னறையில் வேலை மேசைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார். அக்கா நாளைய வேலைக்கு ரெக்சின் வெட்டிக்கொண்டிருந்தார். விசில் வெட்டுத்துண்டுகளின் மேல் படுத்துத் தூங்கியது.

"டிரைவர வரச் சொல்லியிருக்கேன்" என்றார் கண்டக்டர். "நீ சொன்ன சொல்லு சொல்லுதான். ஆனா அவன அனுப்புறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்க. நான் அவனக் கட்டல. அழுதான்னு அவுத்து விட்டேன். நீ கேட்டப்ப பொய் சொன்னேன். தப்பு அவன் பண்ணல, நான் பண்ணினேன்."

அக்கா கத்தரியைக் கீழே வைத்தார்.

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"கைகழுவப் போனேன்ல, கயிறு வெறுமனே கெடந்துச்சு. பாத்தேன். எங்கடா இவன்னு உங்களக் கூப்பிட்டுக் கேட்டிருக்கணும். கேட்டா நீங்க பேச ஆரம்பிச்சிருவீங்க, டெலிவரிக்கு நேரமாகும்னு ஆணிய எடுத்து வாயில போட்டுக்கிட்டேன்." ரெக்சின் துண்டைத் தள்ளி வைத்தார். "இன்னைக்கு மட்டுமில்ல. உங்ககிட்ட பேச வேண்டி வரும்போதெல்லாம் அதத்தான பண்ணியிருக்கேன்."

கண்டக்டர் மேசை ஓரத்தில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"நீங்க கட்டல, நான் பாக்கல. எலி இருக்குன்னு அவன் அன்னைக்கேருந்து சொன்னான், அதையும் நாம யாரும் கேக்கல. இந்தக் கடையில இன்னைக்கு வேலைய ஒழுங்கா பாத்தது அவன் ஒருத்தன்தான். அவனையா அனுப்புறது?"

அக்கா குனிந்து பையைத் திறந்து, கிண்ணத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"டிரைவருக்குப் போன் பண்ணி வர வேணாம்னு சொல்லுங்க. நாளைக்குக் காலைல கிளினிக்குக்கு நீங்களும் கூட வாங்க. ஒரு வேலையும் செய்ய வேண்டாம். அவனப் பிடிச்சுக்கிட்டு என் பக்கத்துல உக்காந்து ஏதாவது பேசிட்டிருங்க. நான் கேக்குறேன்."